வெளிர் மஞ்சள் மலையில் சாவி கேட்கும் ஆண்கள்

கண்டியில் எனக்குக் கைதட்டினார்கள். அதிலிருந்தே ஆரம்பித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு இந்தப் பயணத்தில் யாரும் எனக்காகக் கைதட்டவில்லை.

நான் திருச்சிக்காரன். ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். யாருக்கு எந்த ஊரில் எந்தப் புற்று வந்தது, எப்போது இறந்தார் என்றெல்லாம் எழுதி, கடைசியில் வரைபடத்துக்கு வர்ணம் தீட்டுவது என் தொழில். நோய் அதிகமான ஊருக்கு அடர் சிவப்பு, குறைவான ஊருக்கு வெளிர் மஞ்சள். இலங்கை நண்பர்கள் அனுப்பிய எண்களை வைத்து நான் கண்டிக் கூட்டத்துக்குக் கொண்டுபோனது ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயின் படம். அதில் நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தேயிலை மலைகள் எல்லாம் வெளிர் மஞ்சளில் ஜொலித்தன.

ஜொலித்தால் போதுமா, காரணம் சொல்ல வேண்டாமா? சொன்னேன். மலை ஏறி இறங்கும் உழைப்பு, கீரை, சுத்தமான காற்று, எல்லாவற்றுக்கும் மேலாகத் தேநீர். தேயிலை நடுவே வாழும் ஆணை இந்த நோய் அண்டுவதில்லை என்று முடித்ததும் கைதட்டல். தேயிலைக் கம்பெனிக்காரர் யாராவது இருந்திருந்தால் மாலையே போட்டிருப்பார்.

ஒரு சிங்கள டாக்டர் மட்டும் எழுந்து, "அந்த மஞ்சள் ஊர்களில் எத்தனை ஆண்களைப் பரிசோதித்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த விவரம் என்னிடம் இல்லை. நல்லவேளையாகச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைக்காரர் பருப்பைக் கரண்டியால் கிளறிக்கொண்டே சொன்னார்: "எங்கள் நாடு முழுக்க அடர் சிவப்பு. ஐம்பது தாண்டிய ஆண்கள் பலரும் ரத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள், தேடுவதால் கிடைக்கிறது. பரம்பரையாகவே அதிகம் வருகிற கூட்டங்களும் உண்டுதான். ஆனால் முதலிலேயே கண்டுபிடித்தவர்களில் நிறையப் பேர் அதோடு வாழ்ந்து, வேறு எதிலோ சாகிறார்கள்." என் படத்தில் சாவுக்குத் தனியாக வர்ணம் இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை, வட்டிலப்பம் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பூண்டுலோயாவுக்குக் கிளம்பினேன். அங்கே ஒரு தோட்டத்தில் என் மாமா மகன் தங்கவேலு இருக்கிறார். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் குடும்பத்தை இரண்டாக வகுத்து, அம்மாவைத் திருச்சிப் பக்கம் அனுப்பிவிட்டு, அம்மாவின் அண்ணனைத் தேயிலைக்கே விட்டுவிட்டார்கள். அதனால்தான் நான் வர்ணம் தீட்டுகிறேன், தங்கவேலு என் படத்தில் மஞ்சளாக இருக்கிறார்.

தவலந்தென்னையில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ கத்த, பக்கத்து சீட்டு அம்மா என் தோளைத் தட்ட, கண் திறந்தால் இறம்பொடை. இறங்கியதும் எதிரே நீர்வீழ்ச்சி. அறுபத்தோரு வயதுக்காரனைப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் குலுக்கிவிட்டு, எதிரே அருவியையும் காட்டினால் அவன் என்ன செய்வான்? ரசிக்க நேரமில்லை. பக்கத்துத் தேநீர்க் கடைக்குள் ஓடி, கழிவறை எங்கே என்றேன்.

கடைக்காரர் ஹனிபா நானா தலை நிமிராமலே ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து நீட்டினார். மரக்கட்டையில் கோர்த்த சாவி. யாரும் ஞாபகமறதியாகப் பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாதாம். திரும்பி வந்து நன்றி சொன்னபோது சிரித்தார்.

"இதுல என்னாங்க இருக்கு. இந்த ரோட்டுல எறங்குற வயசான ஆம்பள எல்லாம் மொதல்ல கேக்குறது சாவிதான், பொறவுதான் டீ. போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா. கொஞ்ச நாள் போனா, பஸ் நின்னு கெளம்புறதுக்குள்ள ரெண்டு தரம் கேப்பாங்க. பொறவு ஆளே வரமாட்டாங்க. செவுத்துல படந்தான் வரும்."

எதிர்ச் சுவரைக் காட்டினார். மரண அறிவித்தல்கள். மழையில் நனைந்த முகங்கள்.

"என்ன நோய்னு போட்டிருக்கா?" என்றேன், தொழில் புத்தியில்.

"நோயா? பேரு, தோட்டம், தகனம் எத்தன மணிக்கு. அம்புட்டுத்தான்."

அவருடைய ஆணியும் கட்டையும் என் முப்பது வருஷப் பதிவேட்டைவிடக் கூடுதலாகத் தெரிந்துவைத்திருக்கின்றன என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்குத் தேநீர்தான் உறைத்தது. திருச்சியில் காப்பிக்கு அடிமைப்பட்ட நாக்கு. உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில் எனக்குக் கிடைத்தது தூளிலும் தூள், கறுப்பாக, உள்ளங்கையில் கொட்டிய சீனியை நக்கிக்கொண்டே குடிக்கிற சாயத் தேநீர். நோயைத் தடுக்கும் என்று நான் மேடையில் சொன்ன தேயிலை கப்பலேறிப் போயிருந்தது.

வந்த வழியே திரும்பி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தங்கவேலு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே படிக்கட்டிலேயே காத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது, கங்காணி. கொழுந்தெடுக்கும் பெண்கள் முப்பது பேருக்கு மேலாள். கையில் கம்பு, தலையில் கம்பளித் தொப்பி, குரலில் அதிகாரம். ஆனால் படியேறும்போது இடுப்பில் கை வைத்து இரண்டு இடத்தில் நின்றார். நான் களைத்துவிட்டதாக நினைத்து நிற்கிறாராம், அவரே சொன்னார்.

ரொட்டியும் கட்டசம்பலும் கருவாடும் வைத்தார்கள். சம்பலின் காரத்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் மனைவி லெட்சுமி, "அண்ணே, பாசத்துல அழுவுறீங்களா, மொளகாயிலயா?" என்று சிரித்துவிட்டுத் தேங்காய்த் துண்டு கொடுத்தாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் தங்கவேலு மூன்று தடவை எழுந்து வெளியே போனார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, சுவரில் முருகன் படத்துக்குக் கீழே தொங்கிய ஒரு சீட்டைப் பெருமையாகக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு, ஓரத்தில் சந்தனம் வேறு வைத்திருந்தார்கள். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு.

"அடிக்கடி வெளிய போறேன்னு இவ தொந்தரவு பண்ணுனா மச்சான். போய் சுகர் பாத்தேன். சுகர் இல்ல. அன்னைக்கே கேசரி கிண்டி லயம் பூரா குடுத்தோம்."

இது தங்கவேலு ஒருவரின் கூத்து அல்ல. பக்கத்து வீட்டிலும் அப்படி ஒரு சீட்டு இருந்தது. மூத்திரம் அடிக்கடி வந்தால் சுகர். சுகர் இல்லையென்றால் ஒன்றுமில்லை. விஷயம் முடிந்தது, கேசரி கிண்டு.

"இடுப்பு வலி?"

"அது எங்க பரம்பர வலி. அப்பாவுக்கும் இப்பிடித்தான், கடைசில நடக்கவே முடியல. பொறவு வயசாகிச் செத்துட்டாரு."

"எத்தனை வயசு?"

"அறுவத்திரெண்டு. அண்ணனும் வயசாகித்தான் போனான். அவனுக்கு அறுவது."

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டேன். நான் பொய் சொல்லக் கூடாது, பயம் வந்தது. அடிக்கடி மூத்திரம், இடுப்பு வலி, தகப்பன், அண்ணன். இதே வரிசையை எத்தனையோ தாள்களில் எழுதியிருக்கிறேன். அந்தத் தாள்கள் முடியும் விதமும் எனக்குத் தெரியும். தங்கவேலுவோ இன்னொரு ரொட்டி போட்டுக்கொள்ளச் சொல்லி என்னை வற்புறுத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலை தோட்டத்து மருந்தகத்துக்குப் போனேன். அன்று கிளினிக் நாள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரிகள், அட்டையோடு நிற்கும் பெண்கள் என்று வரிசை வாசல் தாண்டி நின்றது. ஆண் என்று சொன்னால் நானும், தொட்டிலில் அழுத சில குழந்தைகளும்தான். உள்ளே இருந்தவர் டாக்டர் இல்லை, மருந்து கொடுக்கிற உத்தியோகத்தர், ஆனால் எல்லோருக்கும் டாக்டரையா. நல்ல மனிதர், எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"தோட்டத்துல யாராச்சும் இறந்தா காரணம் எப்படி எழுதுவீங்க?" என்றேன்.

"ஆஸ்பத்திரில இறந்தா அவங்க எழுதுவாங்க. லயத்துல இறந்தா வீட்டு ஆளு சொல்றதுதான். அறுவதுன்னா வயசு. அதுக்குக் கீழன்னா நெஞ்சு வலி."

"பெண்களுக்கு?"

"அவங்களுக்கு அட்டை இருக்கு, மாசமான நாள்லேந்து எல்லாம் எழுதி வச்சிருக்கோம்."

"ஆம்பளைங்களுக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "ஆம்பளைங்களுக்கு பெரட்டு இருக்குங்க. காலைல பெரட்டுல பேர் கூப்பிட்டா ஆளு நிப்பாரு. நின்னா சொகமா இருக்காருன்னு அர்த்தம்."

இதுதான் நான் கண்டியில் கைதட்டல் வாங்கிய வெளிர் மஞ்சள். மலைக்காற்றும் இல்லை, தேநீரும் இல்லை. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது நிற்கிறவன் ஆரோக்கியசாலி, நிற்காதவன் கிழவன். நடுவில் நோயாளி என்று ஒருவன் இருப்பதற்கு இந்தத் தோட்டத்தில் தாளே கிடையாது. தாள் இல்லாததை நான் நோய் இல்லை என்று படித்து, வர்ணமும் அடித்து, மேடையில் விளக்கமும் சொல்லியிருக்கிறேன்.

நேரே மலைக்கு ஏறினேன். பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தங்கவேலு ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். நான் விஷயத்தைச் சொல்லி, நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாம் மச்சான். கிளினிக் வரிசைல ஆம்பள நின்னாலே, வயித்துல எத்தன மாசம்னு கேப்பாளுக. நா இவளுகள வேல வாங்கணும்."

லெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாங்க முப்பது பொம்பளைங்க இந்த மலைல ஒதுங்க ஒரு எடமில்லாம, காலைலேந்து சாயந்தரம் வரைக்கும் அடக்கிக்கிட்டுத்தான் கொழுந்து எடுக்குறோம். இவருக்கு மட்டும் மணிக்கொரு தரம் சவுக்கு மரம். ரெத்தமா போகுதுன்னு எங்கிட்ட சொல்லிட்டு, வெளிய சொன்னா கொன்னுருவேன்னாரு. இப்ப சொல்லிட்டேன். கொல்லட்டும் பாப்போம்."

தங்கவேலு கம்பால் தரையைக் கீறிக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "முப்பது வருசமா இதே வேல பாத்தீங்களே, நீங்க பாத்தீங்களா மச்சான்?" என்று கேட்டார்.

பார்க்கவில்லை. ஊரார் ரத்தத்தையெல்லாம் எழுதியவன் என் ரத்தம் ஒரு சொட்டுக் கொடுத்ததில்லை. எனக்கு வராது என்று நினைத்தேன், அவ்வளவுதான். இதற்குப் படித்த மனிதன் வேறு.

"சரி, ரெண்டு பேரும் பார்ப்போம்" என்றேன்.

நான்காம் நாள் கிளம்பியபோது தோட்டமே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. ஒரு பெண் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். இன்னொருத்தி இறம்பொடை அனுமாருக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தங்கவேலு ஒப்புக்கொண்டார்: "இந்தியாவுலேந்து வந்த மச்சானுக்கு மூத்திரக் கோளாறு, தனியா விட முடியாதுன்னு சொல்லித்தான் கணக்கப்பிள்ளைகிட்ட லீவு எடுத்தேன். கோவிச்சுக்காதீங்க." நாடு விட்டு நாடு வந்து நான் சம்பாதித்த பெயர் இது.

இறம்பொடையில் பஸ் நின்றது. தங்கவேலு வாயைத் திறக்கவே இல்லை. ஹனிபா நானா அவர் முகத்தைப் பார்த்ததுமே மரக்கட்டையோடு சாவியை நீட்டிவிட்டார். மாதாமாதம் மகளைப் பார்க்க நுவரெலியா போகிறவராம், பேர் தெரியாது, சாவி தெரியும். திரும்பி வந்தவர் பஸ் படியில் கால் வைத்ததும், ஒரு நிமிஷம் என்று மறுபடியும் இறங்கிப் போனார். இரண்டாம் தடவை. நானா என்னைப் பார்த்தார். நான் அருவியைப் பார்த்தேன்.

நுவரெலியாவில் குளிர் எலும்புக்குள் இறங்கியது. திருச்சியில் இந்தக் குளிரை யாராவது விற்றால் கடன் வாங்கியாவது வாங்குவேன். ஆஸ்பத்திரி வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற சிங்களப் பெரியவர், எதற்கு வந்தீர்கள் என்று தங்கவேலுவிடம் கேட்டார். முதுகு வலி என்றார் இவர். தானும் முதுகு வலிக்குத்தான் வந்ததாக அவர் சொன்னார். இரண்டு முதுகு வலிக்காரர்களும் மாறி மாறிக் கழிவறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்து வைத்தார்கள். தேசிய ஒற்றுமையை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அதைக் கண்டதும் தங்கவேலு வாசலை நோக்கித் திரும்பினார், நான் சட்டையைப் பிடித்தேன். தெரிந்த தமிழில் அந்தப் பெண், "ஐயா, அந்தப் பக்கம் திரும்பி படுங்க. பயம் வேணாம். அரை நிமிஷம்" என்றாள். திரைக்குப் பின்னால் கங்காணியின் குரல் ஒரு தடவை முருகா என்றது. அடுத்தது நான். நானும் முருகா என்றுதான் சொன்னேன். பிறகு இருவரும் ரத்தம் கொடுத்தோம்.

முடிவு மறுநாள். அதுவரை அவர் மகள் வீட்டில் தங்கி, குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி வந்தோம். நெய்யப்பமும் சுடச்சுட வடையும் தின்றோம். தங்கவேலு திடீரென்று, "ஒருவேள இருந்தா, எம்புட்டு நாளு மச்சான்?" என்றார். எலும்புக்குப் போகாமலிருந்தால் நிறைய வருஷம், போயிருந்தாலும் மருந்து இருக்கிறது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். சொன்ன கையோடு வடைக்காரரிடம் இன்னும் இரண்டு வடை கேட்டேன்.

என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷத்தில் திரும்பப் பார்க்கச் சொன்னாள். தங்கவேலுவின் தாளை மட்டும் நீண்ட நேரம் வைத்திருந்தாள். ரத்தத்தில் எண் மிக அதிகம், முந்தின நாள் உள்ளே தொட்டுப் பார்த்த விரலுக்கும் கட்டியாகத் தட்டுப்பட்டது, கண்டிக்குப் போய்ச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், எலும்பையும் படம் எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. நர்ஸ் தமிழில் சொல்லச் சொல்ல, தங்கவேலு தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "எங்க அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இதுவாத்தான் இருக்குமா?" இருந்திருக்கலாம், இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பள்ளத்தாக்கு முழுக்கத் தேயிலை, படம் எடுக்கிற வெளிநாட்டுக்காரர்கள். நானும் முன்பு இப்படித்தான் தூரத்திலிருந்து பார்த்து வர்ணம் அடித்தேன் என்று வெட்கமாக இருந்தது. இறம்பொடை வரும்போது தங்கவேலு கேட்டார்.

"நா உங்க கணக்குல வந்துட்டா, படத்துல எங்க ஊரு கெட்டுப்போகுமே மச்சான்?"

"கெட்டுப்போகட்டும்" என்றேன்.

கடையில் நானா சாவியை நீட்டினார். தங்கவேலு போய்விட்டு வந்து, சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பெரட்டுக் களத்தில் நிற்கிற மாதிரி காலை அகட்டி நின்றார்.

"நானா, எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரங்க யார் யாரு இத அடிக்கடி கேக்குறாங்க? பேரு சொல்லுங்க."

"என்னாத்துக்குங்க?"

"அடுத்த வாரம் நா கண்டிக்குப் போறேன். அதுக்கு முந்தி அவுங்கள எல்லாம் நுவரெலியாவுக்குக் கூட்டிட்டுப் போகணும். முப்பது பொம்பளைய வேல வாங்குறேன், நாலு ஆம்பளைய வரிசைல நிக்க வைக்க முடியாதா?"

ஆஸ்பத்திரி உறையைத் திருப்பி மேசையில் வைத்துக்கொண்டு, என்னிடம் பேனா கேட்டார். முதல் வரியில் தன் பேரை எழுதினார். கங்காணி எழுத்து, பெரிது பெரிதாக. பக்கத்தில் நோயையும் எழுதினார், மறைக்கவில்லை. தோட்டம் பூராவும் என் தலையில் கட்டிய கோளாறு அந்த வரியோடு என்னைவிட்டுப் போனது. நானா கூரையைப் பார்த்து யோசித்து யோசித்து ஒவ்வொரு பேராகச் சொன்னார். பேர் தெரியாதவர்களுக்கு அடையாளம் சொன்னார், தங்கவேலு பேரைக் கண்டுபிடித்தார். பட்டியலில் ஏழு பேர் வந்தார்கள்.

"இன்னும் ரெண்டு பேரு இருந்தாங்க" என்றார் நானா, சுவரைக் காட்டி. "போய்ட்டாங்க."

"அவுங்க பேரையும் சொல்லுங்க."

எழுதினார். அதற்குக் கீழே, யாரும் சொல்லாமலே, தன் அப்பா பேரையும் அண்ணன் பேரையும் எழுதினார். வயது என்று எழுதவில்லை. தன் பேருக்கு நேரே எழுதிய அதே நோயை எழுதிவிட்டு, சரிதானே என்பதுபோல என்னைப் பார்த்தார்.

ஆதாரம் இல்லாத சாவைப் பதிவேட்டில் ஏற்றக் கூடாது. முப்பது வருஷம் எத்தனையோ தாளை நான் திருப்பி அனுப்பிய விதி அது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் கிளம்பியபோது பேனா அவரிடமே இருந்தது, நான் திரும்பக் கேட்கவில்லை.